ஜோடி நடை

பட்டாளத்துக்காரர்களிடம் போய் நோயைப் பற்றிக் கேட்பதைப் போல வெட்டி வேலை உலகத்தில் வேறு கிடையாது என்று முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் தட்டினால் மனிதர் தேய்த்த சட்டையும் மழுங்கச் சிரைத்த முகமுமாக வந்து நிற்பார். மீசைக்கு மை வேறு போட்டிருப்பார். "வாங்க சிஸ்டர், உக்காருங்க" என்பார். தான் உட்கார மாட்டார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "நல்லா இருக்கேன்." மூச்சு? "நல்லா இருக்கு." மூட்டு? "நல்லா இருக்கு." தூக்கம்? "படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன் சிஸ்டர்." அவருக்குப் பின்னால் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு அவர் மனைவி என்னைப் பார்த்து இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

அந்தத் தலையாட்டலை நான் எழுதிக்கொள்ள முடியாது. சம்பந்தப்பட்டவர் தன் வாயால் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். "ஏங்க, இது ஒங்களுக்கு வேலை குடுக்கிற இன்டர்வியூ இல்லைங்க, நோய் இருந்தா சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்" என்று கத்தியே விடுவேன். அவர் இன்னும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவார்.

நான் நர்ஸ். கீரனூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வேலை பார்த்து, நின்று நின்று கால் வீங்கிப்போய் விலகியவள். அதற்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரியிலிருந்து அந்த டாக்டரம்மா, எங்கள் பக்கத்து ஊர்களும் ஆட்களும் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தார். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். போருக்குப் போய்த் திரும்பியவர்களுக்குப் பின்னாளில் என்னென்ன நோய் வருகிறது, அதில் எது போரால் வந்தது, எது வயதால் வந்தது என்று பார்ப்பது அவர் வேலை. ஆவூரிலிருந்து குளத்தூர் வரைக்கும் எங்கள் பக்கத்தில் மாதா கோயில் தெருவானாலும் சரி, அய்யனார் கோயில் தெருவானாலும் சரி, பட்டாளத்து டிரங்குப் பெட்டி ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அதனால் அவர் சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தார்.

நான் அந்த வேலைக்கு உடனே ஒத்துக்கொண்டதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் வடக்கே மலையில் நடந்த சண்டையில் இருந்தவர். அது முடிந்து இறங்கிய கையோடு லீவில் வந்தபோதுதான் எங்களுக்குக் கல்யாணம் பேசினார்கள். பென்ஷன் வாங்கிய பிறகு பக்கத்தில் ஒரு கல் கிரஷரில் சில வருடம் செக்யூரிட்டியாக இருந்தார். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் அதையும் விட்டுவிட்டார். அவருடன் கடைத்தெருவுக்கு நடந்து போனால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும். பத்தடி போவார், நின்று மின்கம்பியை அண்ணாந்து பார்ப்பார். இன்னும் பத்தடி போவார், ஆடு மேய்க்கிறவரை நிறுத்தி ஆடுகளின் நலம் விசாரிப்பார். அதற்கடுத்து ஷூ நாடா கட்டக் குனிவார். அவர் ஷூ நாடா மாதிரி அவிழ்கிற நாடாவை நான் எங்கேயும் கண்டதில்லை. படுக்கும்போது தலைக்கு மூன்று தலையணை.

"மூணு எதுக்குங்க?"

"கழுத்துக்கு நல்லது புள்ள."

எத்தனை பேருக்கு மூச்சுத் திணறலுக்கு மருந்துப் புகை வைத்த கை இது! எனக்குத் தெரியாதா? ஆனால் சொந்தப் புருஷன் நெஞ்சில் ஸ்டெத்தை வைக்க விடமாட்டார். "ஒன் ஆஸ்பத்திரிய ஆஸ்பத்திரியிலயே வெச்சுட்டு வா" என்பார். சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். அசையவில்லை. ஊரில் உள்ள எல்லாப் பட்டாளத்துக்காரர்களையும் கேட்கும்போது அவர் மட்டும் எப்படி ஒதுங்க முடியும்? அந்த ஒரு ஆசையில்தான் கிளம்பினேன். டாக்டரம்மாவிடம் இதை மறைக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, "அப்ப உங்க வீட்டுக்கு நீங்க போகக்கூடாது சிஸ்டர், நானே வந்து கேட்டுக்கறேன்" என்றார்.

இந்த மனிதர்கள் ஏன் இப்படி என்று கொஞ்ச நாளில் எனக்குப் புரிந்தது. பட்டாளத்தில் உடம்பு சரியில்லை என்று ஒருவன் போய் நின்றால், அவன் செய்ய வேண்டிய வேலை அவனுடைய ஜோடி தலையில் விழும். ஜோடி என்றால் கூட நிற்க வேண்டும் என்று சேர்த்துவிட்ட ஆள். காவலோ, பதுங்குகுழியோ, சாப்பாடோ, இரண்டு பேரும் சேர்ந்துதான். நோய் என்று சொல்வது அங்கே கூட இருப்பவனைக் கைவிடுவது போல. அந்தப் பழக்கம் பென்ஷன் வந்தபிறகும் போகவில்லை. நான் போய்க் கேட்டால் அவர்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஞாபகம்தான் வருகிறது.

டாக்டரம்மாவுக்கு வேறு தலைவலிகளும் இருந்தன. போருக்குப் போனவர் ஒவ்வொருவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஊரில் அதே வயதில் பட்டாளத்துக்கே போகாத ஒருவர் வேண்டும். எங்கே போவது? அந்த வயதில் திடகாத்திரமாக இருந்தவர்களெல்லாம் சிங்கப்பூருக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பாதிப் பேர் ஆளெடுப்புக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஒருவர் என்னிடம் பட்டென்று கேட்டுவிட்டார்: "நெஞ்சு பத்தாதுன்னு அப்பவே என்னைய அனுப்பிட்டாங்க. இப்ப எதுக்குங்க மறுபடியும் அளக்க வாரீங்க?" இதைச் சொன்னபோது டாக்டரம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல உடம்பாகப் பார்த்துப் பட்டாளம் எடுத்துக்கொண்டது, எடுபடாத உடம்பு ஊரில் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போர் செய்த கெடுதல் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும் என்றார்.

அதைவிடப் பெரிய சங்கடம், ரொம்ப முடியாமல் போனவர்கள் யாரும் பதில் சொல்ல இல்லை. ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். நாங்கள் தேடிப் போனவர் சுவரில் மாலை போட்ட படமாக இருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தேன். அவர் மனைவி என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க சிஸ்டர். வந்ததுக்குக் கேட்டுட்டுப் போங்க. அவருக்கு என்ன செஞ்சதுன்னு எனக்குத் தெரியும்."

விதிப்படி கேட்கக்கூடாது. உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து கதவுப் பக்கம் அவர்தான் படுப்பாராம். யார் வந்தாலும் முதலில் தன்னைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பாராம். "கடைசி வருசம் ஒருநாள் அவரே, நீ இங்கிட்டு வந்து படுத்துக்கன்னு சொல்லிட்டு சுவரோரம் ஒதுங்கிட்டாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, ஆளு முடியாமப் போயிட்டாருன்னு. ஆனா என்னன்னு கேக்கல. கேட்டா வருத்தப்படுவாருன்னு விட்டுட்டேன்." எனக்கு மோர் கொடுத்தார். புருஷன் சாப்பிட்ட மாத்திரைகள் எதுவும் அந்த அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. இந்தப் படுக்கை மாற்றிய நாளை மட்டும் கிழமையோடு சொன்னார். டாக்டரம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "எழுதி வைங்க சிஸ்டர். எங்க சேர்க்கறதுன்னு அப்புறம் பாக்கலாம்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அதே நினைப்புதான். இந்த மனுசன் போன பிறகு, யாரோ ஒரு நர்ஸுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, மூன்று தலையணைக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேனா? அது நடக்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். மாதா சத்தியமாக, அவர் வாயால் வரவழைக்காமல் விடுவதில்லை.

டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் பேண்ட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். நான் அடுப்படியில் காபி கலக்குவதுபோல ஒரே காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

"மூச்சு எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்."

"மாடிப்படி ஏறினா வாங்குதா?"

"எங்க வீட்டுல மாடி இல்ல மேடம்."

எனக்குப் பொறுக்கவில்லை. டம்ளரோடு வெளியே வந்துவிட்டேன். "ஏங்க, அந்த மூணு தலகாணிய பத்திச் சொல்லுங்களேன்!" டாக்டரம்மா என்னை முறைத்தார். என் வீட்டுக்காரர், "கழுத்து வலிக்கு மேடம்" என்று சிரித்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "நீங்க பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல சிஸ்டர்? அதுவும் இல்லாம, அவருக்கு மூச்சுக் கோளாறு இருக்குன்னே வைங்க. கிரஷர்ல இருந்திருக்கார். கல்லுத் தூசி. மலையில பதுங்குகுழிக்குள்ள மண்ணெண்ணெய் அடுப்புப் புகை, வெடிப்புகை, குளிர். எதுலேர்ந்து வந்ததுன்னு நான் எப்படிப் பிரிக்கறது?"

"எதுலேர்ந்து வந்தா எனக்கு என்ன டாக்டர்? அவரு மூச்சு விட்டாப் போதும்."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இனி ஒரே ஒரு நம்பிக்கைதான். அடுத்தபடியாக ஆறு நிமிட நடை என்று ஒரு சோதனை. சமதரையில் இரண்டு கோடு போட்டு, ஆறு நிமிடத்துக்கு முடிந்த அளவு போய்த் திரும்பி நடக்க வேண்டும். ரொம்பக் குறைவாக நடப்பவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு, ஊதும் கருவி, ஸ்கேன் என்று முழுதாகப் பார்ப்பார்கள். வாயால் பூசி மெழுகலாம், நுரையீரல் பொய் சொல்லுமா? அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் விஷயம் வாட்ஸப் குரூப்பில் போய்விட்டது. மெடிக்கல் டெஸ்ட் வருகிறது, ஃபெயில் ஆனால் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டில் போட்டுவிடுவார்கள் என்று யாரோ போட்டிருக்கிறார். அவ்வளவுதான்! ஊர் முழுக்கப் பயிற்சி நடந்தது. ஊதும் கருவிக்குத் தயாராக பலூன் ஊதினார்கள். ஒரு வீட்டு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, "பேரப்புள்ள பொறந்தநாளுக்குக்கூட இம்புட்டு பலூன் ஊதுனதில்ல சிஸ்டர், கட்டிலுக்கடியில எல்லாம் கெடக்குது" என்று அழாத குறையாகச் சொன்னார். நோயைக் கண்டுபிடிக்க வருகிற பரீட்சைக்கு நோயாளிகளே இப்படி விழுந்து விழுந்து படித்தால் நாங்கள் என்ன செய்வது?

என் வீட்டுக்காரர் பலூன் ஊதவில்லை. வழக்கம்போல விடிந்ததும் கண்மாய்க்கரையில் நடக்கப் போனார். கூட அவருடைய சிநேகிதரும். இருவரும் பட்டாளத்தில் ஒரே கம்பெனியில், ஒரே பதுங்குகுழியில் இருந்தவர்கள், ஜோடி. அந்த அண்ணன் குளத்தூர்ப் பக்கத்துக்காரர். இங்கே பெண் எடுத்து, எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவர். இவரை மாப்ள என்பார், என்னைத் தங்கச்சி என்பார். ஆறடிக்கு மேல் உயரம், அதில் முக்கால்வாசி கால்தான். அவரோடு சந்தைக்குப் போனால் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது என்று அவர் மனைவி எப்போதும் புலம்புவார்.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாரும் கூடினார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொருவராக விட்டால் மதியம் ஆகிவிடும் என்று டாக்டரம்மா இரண்டிரண்டு பேராக நடக்கச் சொன்னார். யார் யாரோடு என்று நாங்கள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவர்களே ஜோடி சேர்ந்துகொண்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே படைப்பிரிவுக்காரர்கள், கோடு போட்டமாதிரி பக்கத்தில் பக்கத்தில். இடது, வலது என்று கால் ஒன்றாக விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

முடிந்து கணக்குப் பார்த்த டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் தூரம் மாறியது. ஆனால் ஜோடியில் இருந்த இரண்டு பேருக்குள் மாறவே இல்லை. "இரட்டைப் பிள்ளைங்ககூட இப்படி நடக்க மாட்டாங்க சிஸ்டர்" என்றார். யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட முடியாது. நல்ல மூச்சு உள்ளவரும் குறைவாகவே நடந்திருந்தால், நடையைக் குறைத்தது மணலா, வெயிலா, நோயா என்று எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "பாத்தியா, பாஸ்" என்பதுபோலக் கட்டை விரலைக் காட்டினார்.

நான் அவரைப் பார்க்கவில்லை, அந்த அண்ணன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோடியாக நடக்கும்போதே ஒன்று உறுத்தியது. சந்தையில் மனைவியை ஓட வைக்கிற மனிதர், இங்கே புதுப்பெண் மாதிரி சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தார். என் வீட்டுக்காரரின் கால் எங்கே விழுகிறதோ, அதற்குச் சரியாகப் பக்கத்தில் அவர் கால் விழுந்தது. திரும்பும் கோட்டில் இவர் மூச்சு வாங்க ஒரு நொடி தயங்கினால் அவரும் தயங்கினார்.

பள்ளிக்கூட வாசல் டீக்கடையில் அவரைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணே, கால்ல என்ன?"

"என்ன தங்கச்சி, நல்லாத்தான இருக்கு."

"நல்லா இருக்கிற கால வெச்சுக்கிட்டு எதுக்கு அடி அளந்து வெச்சீங்க?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் டீ கிளாஸைக் கையில் உருட்டினார். "மலை ஏறையில ஜோடிய விட்டுட்டு ஒருத்தன் முன்னாடி போயிரக்கூடாது தங்கச்சி. போனா ரெண்டு பேருக்கும் ஆபத்து. கால் தானா அளவு பாத்துக்கும். நெனச்சுச் செய்யறதில்ல."

"அப்ப கம்மாக்கரையிலயும் இப்படித்தானா?"

"மொதல்ல எல்லாம் கரைய முழுசாச் சுத்துவோம். அப்பறம் மதகு வரைக்கும். இப்ப ஆலமரத்தோட திரும்பிர்றோம். அவன் திரும்பயில நானும் திரும்புவேன். அவன் ஏன்னு சொன்னதில்ல. நான் கேட்டதில்ல."

அடப்பாவி மனுசா என்று வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வருடம் என் வீட்டுக்காரர் இவர் கூட நடந்து திரும்பி வந்து, "நடந்துட்டு வந்தேன் புள்ள, ஃபிட்டா இருக்கேன்" என்று என்னிடம் சொன்னதெல்லாம் இந்த மனிதர் சுருக்கிக் கொடுத்த நடை. எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. டீக்கடையில் ஆம்பளைகளுக்கு நடுவில் நின்று முந்தானையால் மூக்கைச் சிந்தினேன்.

"அடுத்த வாரம் மறுபடியும் நடக்கச் சொல்லுவாங்க. அவரு தனியா நடக்கணும். நீங்க பக்கத்துல வரக்கூடாதுண்ணே."

"அது அவனக் காட்டிக்குடுக்கிற மாதிரி, தங்கச்சி."

"காட்டிக்குடுங்க! நாளைக்கு அவரு படத்துக்கு மாலை போட்டு மாட்டையில, பக்கத்துல ஜோடியாப் போயி நிப்பீங்களா?"

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இப்படியெல்லாம் பேசியிருக்க வேண்டாம் என்று அவர் போன பிறகு தோன்றியது, ஆனால் வருத்தப்படவில்லை.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நானும் அப்படித்தான் நினைச்சேன் சிஸ்டர். ஜோடியா விட்டது என் தப்பு" என்றார். அடுத்த சனிக்கிழமை ஒவ்வொருவராக நடக்க வேண்டும், எல்லாரும் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தால் போதும் என்று குரூப்பில் போடச் சொன்னார். உடனே புகைச்சல். தனியாக நடக்க நாங்கள் என்ன கைதியா என்று ஒருவர் குரலில் பதிவு செய்தே அனுப்பினார்.

அந்த வாரம் முழுக்க அந்த அண்ணன் காலை நடைக்கு வரவில்லை. வீட்டுக்கு விருந்தாள் வந்திருப்பதாக ஃபோனில் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் தனியாகக் கண்மாய்க்குப் போனார். போன சூட்டோடு திரும்பி வந்துவிட்டார். பின்வாசல் படியில் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அவன் வரல" என்றார்.

"விருந்தாளு வந்திருக்காங்களாம்ல."

"ம்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முதுகில் கை வைத்தேன். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கையைத் தட்டிவிடுவார். அன்றைக்குத் தட்டிவிடவில்லை.

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள், அந்த அண்ணனும் வந்தார். ஆனால் கூட்டத்தோடு நிற்காமல் மைதானத்தின் கடைசியில் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒவ்வொருவராக நடந்தார்கள். தனியாக நடக்கும்போதுதான் ஒவ்வொருவருடைய நடையும் தெரிந்தது. ஒருவர் வலது காலை இழுத்தார். ஒருவர் விசிலுக்குத் திரும்பவே இல்லை, காது கேட்கவில்லை. போன வாரம் இது எதுவும் தெரியவில்லையே என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. "முடிஞ்ச வரைக்கும் நடங்க. வேணும்னா நிக்கலாம், அதுல தப்பே இல்ல" என்று டாக்டரம்மா எல்லாரிடமும் சொன்னதையே சொன்னார். "யெஸ் மேடம்." கையை வீசிக்கொண்டு கிளம்பினார். முதல் சுற்று, அடேயப்பா, அந்தக் காலத்து மாப்பிள்ளை மாதிரி போனார். இரண்டாவது திருப்பத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மறுபடியும் பார்த்தார். நடை தளர்ந்தது. தோள் மேலே ஏறியது. நான் கொடிக்கம்பத்து மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

பாதி வழியில் நின்றார். நின்று, ஷூ நாடா கட்டக் குனிந்தார். அன்றைக்கு அவர் காலில் இருந்தது ரப்பர் செருப்பு. குனிந்தபின்தான் அவருக்கே அது தெரிந்தது. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி அப்படியே நின்றார். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். டாக்டரம்மா கையை நீட்டித் தடுத்தார்.

முதுகைக் காட்டி நின்ற அந்த அண்ணன், காலடிச் சத்தம் நின்றதும் திரும்பிவிட்டார். ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு பின்னுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் டாக்டரம்மா பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார்.

"முடியல மேடம். மூச்சு வரல."

பல வருடமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். கேட்டதும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். கையில் கிடைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இதச் சொல்றதுக்கு ஒங்களுக்கு இத்தன வருசமா? கல்லுளிமங்கா! இத்தன வருசமா?" என்று திட்டிக்கொண்டே அவர் நெஞ்சைத் தடவினேன். அழுதுகொண்டே திட்டினேன்.

"கத்தாத புள்ள, எல்லாரும் பாக்குறாங்க" என்றார், மூச்சுக்கு நடுவில்.

அந்த அண்ணன் மெதுவாக வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். அதற்குள் டாக்டரம்மாவைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "மேடம், எனக்கு ரொம்ப நாளா இந்தக் காது..." "மேடம், போன தடவ தூக்கம் நல்லா வருதுன்னு சொன்னேன்ல, அது வந்து..." எல்லாம் தாழ்ந்த குரலில். டாக்டரம்மா ஒவ்வொருவரையும் உட்கார வைத்து மறுபடியும் முதலிலிருந்து கேட்டார்.

அடுத்த வாரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான், அவர், நான் வேண்டாம் என்று சொல்லியும் ஏறிக்கொண்ட அந்த அண்ணன். கருவியில் ஊதச் சொன்னார்கள். அவர் ஊதியதைப் பார்த்துவிட்டு, நெஞ்சுப் பிரிவுப் பெரிய டாக்டர் ஸ்கேனையும் எடுத்து வரச் சொன்னார். நுரையீரல் ரொம்பக் கெட்டிருக்கிறது, பழையபடி ஆகாது, ஆனால் மருந்தை உறிஞ்சிக்கொண்டு ஒழுங்காக இருந்தால் இதற்கு மேல் கெடாமல் பிடித்து நிறுத்தலாம் என்றார். நிறுத்தலாம் என்றாரே, எனக்கு அதுவே போதும். கையெடுத்துக் கும்பிட்டேன்.

டாக்டரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிய வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"கிரஷர்ல வேலை பாத்திருக்கீங்க. அப்பலேர்ந்துதான் இருக்கா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. என் வீட்டுக்காரர் தன் கையைப் பார்த்தார்.

"இல்ல சார். அதுக்கு முன்னாடியே."

"எவ்வளவு முன்னாடி?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ திருட்டில் பிடிபட்டவர் போலச் சிரித்தார்.

"மலையிலேர்ந்து எறங்கி லீவுக்கு வந்தேன்ல சார், அப்ப இவளப் பொண்ணு பாக்கப் போனோம். பஸ்ஸ விட்டு எறங்குனா இவ வீடு கொஞ்ச தூரந்தான். அதுக்குள்ள ரெண்டு மூணு எடத்துல நின்னு நின்னுதான் வந்தேன். கூட வந்தவங்ககிட்ட வயலப் பாக்குறேன்னு சொன்னேன். அன்னைலேர்ந்து இப்படித்தான் சார்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்தார். அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நானும் என் சின்னம்மாவும் ஜன்னலோரம் மறைந்து நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் தாங்காமல் மற்றவர்களெல்லாம் வேகுவேகென்று நடந்து நிழலுக்கு வந்துவிட்டார்கள். இவர் ஒருவர் மட்டும் பின்னால் தனியாக, அங்கங்கே நின்று, எங்கள் வயலைப் பார்த்து, கொஞ்சமும் அவசரமில்லாமல் வந்தார். சின்னம்மா என் இடுப்பில் கிள்ளி, "மாப்புள்ளையப் பாருடி, என்னா நிதானம்!" என்றார்.

அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் நான் சரி என்று சொன்னேன்.